மச்சான் பிடிக்க வேண்டிய கயிறு

குருவம்மா பாறையிலிருந்து விழுந்து இறக்கவில்லை. ராஜபாளையம் அரசு மருத்துவமனையில், பெண்கள் பிரிவில், ஜன்னலை ஒட்டிய கட்டிலில், நெஞ்சில் நீர் கோத்து மூச்சுத் திணறி இறந்தார். தேன் எடுக்கப் போன இடத்தில் கால் தவறினார் என்று ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பேசிக்கொள்கிறார்கள். அவர் வாழ்நாளில் ஒருமுறைகூடத் தேன்பாறையில் இறங்கியதில்லை.

செய்தி வந்தபோது நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். அவருக்காக ஓர் அலுவலகத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழி. அவருடைய மூத்த மகன் சடையன் பேசினான்.

"அம்மா போயிட்டாவ. நீங்க வாரியளா?"

"வாரேன். நான் வார வரைக்கும் எந்தத் தாள்லயும் கைநாட்டு வைக்காதிய."

தாயை இழந்த மகனிடம் நான் சொன்ன முதல் வார்த்தை அது. அதில் எனக்குப் பெருமை இல்லை. ஆனால் கடைசி ஒரு வருடம் முழுக்கத் தாள்களோடுதான் நானும் குருவம்மாவும் மல்லுக்கட்டியிருந்தோம்.

மூன்றாம் நாள் அதே ஊரில் ஒரு பால்கோவாக் கடையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மலையடிவாரத்துல அந்தப் பளியக் கிழவி, தேன் திருடப் போயி விழுந்துருச்சாம்ல."

"இம்புட்டு வயசுக்கு மேல அதுக்கு இது தேவையா?"

"விழல. திருடவும் இல்ல," என்றேன். "பெரியாஸ்பத்திரில செத்தா. சீட்டை நானே படிச்சேன்."

"அப்பிடியாம்மா? எல்லாரும் அப்பிடித்தான சொல்லுதாவ," என்ற கடைக்காரர் பொட்டலம் கட்டுவதில் முனைந்தார்.

இன்னொரு பேச்சும் உண்டு. அதை என் உறவினர்களே சொல்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண், நான் சொல்லிக்கொடுத்துத்தான் அதிகாரிகள் முன்னால் அப்படிப் பேசினாராம். நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் சொன்னதில் ஒரு பத்தியை அடித்து நீக்கினேன். என் பங்கு அவ்வளவுதான். அந்தப் பத்தியால் வந்ததைத்தான் அவரை அறிந்தவர்களுக்காக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சேத்தூருக்கு மேற்கே, மலை தொடங்கும் இடத்தில் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு உண்டு. என் கணவர் இருந்தவரை அவர் பார்த்தார். பிறகு நான் பார்க்கிறேன். குருவம்மாவும் அவர் கணவரும் காய்ப்புக் காலத்தில் தோப்புக்குக் காவல் இருந்தார்கள். மற்ற மாதங்களில் மேலே உள்ள தங்கள் குடியிருப்பிலிருந்து காட்டுக்குப் போவார்கள். கிழங்கு தோண்டுவார்கள், கடுக்காயும் நெல்லிக்காயும் பொறுக்குவார்கள், தேன் எடுப்பார்கள். அவர்கள் பளியர்கள். எங்கள் தோப்புக்கு முன்பும், எங்கள் ஊருக்கு முன்பும் அந்த மலையில் இருந்தவர்கள்.

இங்கே அவரை 'அவர்' என்று எழுதுகிறேன். நேரில் நான் 'வா, போ' என்றுதான் பேசினேன். அவருக்கு என்னைவிட இரண்டு வயதுதான் குறைவு. என்னை அவர் 'தோப்பம்மா' என்பார். ஒருமுறையாவது நான் மாற்றிப் பேசியிருக்கலாம்.

என் கணவர் இறந்த வருடம் தோப்பின் மேற்கு வேலியோரம் வரிசையாகக் குழிகளைக் கண்டேன். யாரோ வள்ளிக்கிழங்கு தோண்டியிருந்தார்கள்.

"என் வேலிக்குள்ள யாரு தோண்டுனது?"

"நாந்தான்."

"எங்கிட்டக் கேட்டியா?"

"கேக்கல. அது தப்புதான். ஆனா குழியப் பாத்தியளே, குழிக்குள்ள பாத்தியளா?"

என்னைக் குனிய வைத்தார். மேல் மண்ணை விரலால் விலக்கினார். கொடியின் தலைப்பகுதியும் அதோடு விரல் நீளத்துக்குக் கிழங்கும் உள்ளே பத்திரமாக இருந்தன. "தலைய மண்ணுக்குக் குடுத்துட்டுத்தான் மிச்சத்த எடுக்கணும். தலையையும் தின்னுட்டா அடுத்த வருசம் மண்ணத்தான் திங்கணும்," என்றார்.

நான் நம்பவில்லை. ஒவ்வொரு குழியின் பக்கத்திலும் ஒரு குச்சி நட்டு எண் எழுதி வைத்தேன். அடுத்த மழைக்குப் பிறகு எண்களைச் சரிபார்த்தேன். இரண்டைத் தவிர எல்லாவற்றிலும் கொடி ஏறியிருந்தது. அந்த இரண்டையும் காட்டுப்பன்றி கிளறியிருந்தது.

"தோப்பம்மா பன்னிக்கும் நம்பர் போட்டிருந்தா அதுவும் ஒழுங்கா நடந்திருக்கும்," என்றார். எங்கள் வீட்டில் என்னைக் கேலி செய்யும் துணிச்சல் அப்போது வேறு யாருக்கும் இல்லை.

மலை வனவிலங்குக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பிறகு அடிவாரத்தில் சோதனைச்சாவடி வந்தது. காட்டிலிருந்து கொண்டுவரும் பைகளைப் பிரித்துக் கொட்டினார்கள். காட்டு விலங்குகளைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. குருவம்மாவுக்கும் கிடையாது. வெளியூர் ஆட்கள் கோடரியோடு உள்ளே போவதை முதலில் புகார் செய்தவரே அவர்தான். ஆனால் கோடரிக்கும் கிழங்கு தோண்டும் கம்பிக்கும் சாவடியில் ஒரே மரியாதை கிடைத்தது.

குடியிருப்பின் பள்ளிக் கட்டடத்தில் ஒரு கூட்டம் நடந்தது. இந்த மலைக்கென்று தனியாகச் சேகரிப்பு விதிகள் எழுதப்போவதாக ஓர் அதிகாரி விளக்கினார். அவர் பெயரையும் அலுவலகத்தின் பெயரையும் எழுதப்போவதில்லை. அவர் முரடர் அல்ல. "நீங்க உள்ள வாரதுக்கு ஒரு முறை வேணும்ல?" என்றுதான் கேட்டார்.

குருவம்மா எழுந்தார். "நாங்க எங்க சார் உள்ள வாரோம்? நீங்கதான் காலைல வாரிய, சாயங்காலம் போறிய."

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். குருவம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"முறை எங்ககிட்ட இருக்கு. எதை எப்ப எடுக்கணும், எம்புட்டு விடணும், யாரு எடுக்கணும், எல்லாம் இருக்கு. அதைத் தாள்ல எழுதித் தாரோம். அதையே நீங்களும் எழுதுங்க."

"மனுவாக் குடுங்க. கட்டாயம் பாக்கேன்," என்றார் அதிகாரி. அப்படித்தான் அந்த வேலை என் சாப்பாட்டு மேசைக்கு வந்தது.

நான் மதுரையில் கன்னியர் நடத்திய பள்ளியில் படித்தவள். மனு ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, அதில் கதை வரக் கூடாது, கோரிக்கை முதல் வரியிலேயே இருக்க வேண்டும் என்று எங்களுக்குக் கற்றுத்தந்தார்கள். அதைப் பிசகாமல் பின்பற்றி வந்திருக்கிறேன். குருவம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். கிழங்குக்கு அரைப் பக்கம் சொன்னார். நான் இரண்டு வரியாக்கினேன். கடுக்காய்க்கு ஒரு வரி. தேனுக்கு வந்தபோது அவர் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, மேசைக்காலைப் பாறையாகவும் தன் முந்தானையைக் கயிறாகவும் வைத்துக் காட்டத் தொடங்கினார்.

தேன் எடுப்பவர் பாறையின் உச்சியிலிருந்து கயிற்றில் இறங்குகிறார். மேலே மரத்தில் கயிறு கட்டியிருக்கும். அந்தக் கட்டின் அருகே ஒருவர் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு நழுவாமலும் உராய்ந்து அறாமலும் பார்ப்பது அவர் பொறுப்பு. அவர் இறங்குபவருடைய மனைவியின் அண்ணனாகவோ தம்பியாகவோதான் இருக்க வேண்டும். அவர் வராத நாளில் யாரும் இறங்குவதில்லை.

"கூடப்பொறந்த தம்பி புடிச்சா என்ன?" என்று கேட்டேன். "ஒன் சின்ன மகன் நல்லவன்தான?"

"நல்லவன்தான். நல்லவன் கையும் ஒரு நாளைக்குச் சோர்ந்துபோகும். மச்சான் கை சோராது. கீழ தொங்குறது தங்கச்சி தாலியாச்சே."

பிறகு இதையும் சொன்னார்: "எங்க அண்ணந்தான் எம் புருசனுக்குக் கடைசி வரைக்கும் கயிறு புடிச்சான். எம் புருசன் பாயில படுத்துச் செத்தாரு. பாறைல எறங்குறவனுக்கு அது சாதாரணமில்லம்மா."

எல்லாவற்றையும் எழுதினேன். படித்துப் பார்த்தேன். நல்ல பத்திதான். ஆனால் மனு இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. தாலியையும் தங்கையையும் அலுவலகத்தில் யார் படிப்பார்கள் என்று எண்ணினேன். பத்தியின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டேன். அதற்குப் பதிலாக, 'தேன் சேகரிக்க ஒவ்வொரு குடும்பத்துக்கும் இருவருக்கு அனுமதி வழங்கக் கோருகிறோம்' என்று ஒரே வரி எழுதினேன். மனு ஒரு பக்கத்தில் அடங்கியது.

சுத்தமாகப் படியெடுத்ததும் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன்.

"கயிறு எங்கம்மா?"

"ரெண்டு பேருன்னு போட்டிருக்கேன்ல. அதுக்குள்ள அடங்கிரும்."

"யாரு புடிக்கணும்னு?"

"அதெல்லாம் அவிய கேக்கமாட்டாவ, குருவம்மா. நீ நாட்டு வை."

தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு கட்டைவிரலை வைத்தார். அவருக்குச் சம்மதம் இல்லை என்பது அன்றே எனக்குத் தெரியும். என் எழுத்தின்மேல் எனக்கிருந்த நம்பிக்கையில் அதைத் தாண்டிப் போனேன்.

வரைவு விதிகள் வந்தபோது இருவரும் பேருந்தில் போய்க் கேட்டோம். அதிகாரி மகிழ்ச்சியோடு வாசித்தார். கிழங்கும் கடுக்காயும் நாங்கள் கேட்டபடியே இருந்தன. தேனுக்கு வந்தார். ஒரு குடும்ப அட்டைக்கு இருவர். இருவர் பெயரும் அதே அட்டையில் இருக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு பருவம் தேன் எடுக்காத அட்டைக்கு அனுமதி ரத்தாகும்.

"அதே அட்டைன்னா மச்சான் வர முடியாதே சார்," என்றார் குருவம்மா. "மச்சான் பேரு அவன் வீட்டு அட்டைல இருக்கும்."

"வேற அட்டைய விட்டா வெளியாளெல்லாம் சொந்தக்காரன்னு சொல்லிட்டு வந்துருவாம்மா. நீங்கதான கோடரிக்காரங்களப் பத்திப் புகார் குடுத்திய?" அவர் எங்கள் மனுவைக் கோப்பிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார். "குடும்பத்துக்கு ரெண்டு பேர்னு நீங்க கேட்டதத்தான் போட்டிருக்கோம். கயிறப் பத்தி இதுல ஒரு வார்த்தையும் இல்லியே."

இல்லை. என் கையெழுத்து மிக அழகாக இருந்தது.

திரும்பும் பேருந்தில் குருவம்மா என்னைக் குறை சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்பது எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் இறங்கும்போது "நாளைக்குப் பழம் பறிப்பு இருக்குல்லம்மா?" என்று மட்டும் கேட்டார்.

விதி இறுதியாகும் முன்பே, சோதனை முறையில் சென்ற சித்திரையில் நடைமுறைக்கு வந்தது. தேன் காலத்தின் முதல் நாள் நான் தோப்பில்தான் இருந்தேன். சாவடி எங்கள் வேலியை ஒட்டி இருக்கிறது. சடையன், அவன் தம்பி, சடையன் மனைவியின் அண்ணன் பொன்னன் ஆகிய மூவரும் கயிற்றோடு வந்தார்கள். குருவம்மா பின்னால் வந்தார். காவலர் அட்டையைப் பார்த்தார்.

"பொன்னா, நீ நில்லு. ஒம் பேரு இதுல இல்ல."

"இருவது வருசமா நாந்தான புடிக்கேன். ஒமக்கே தெரியும்ல?"

"எனக்குத் தெரியும்யா. தாளுக்குத் தெரியணும்ல. தம்பி பேரு இருக்கு, அவன் போகட்டும்."

பொன்னன் கயிற்றைக் கீழே போடவில்லை. தம்பி அதை வாங்கக் கையை நீட்டவுமில்லை. சடையன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "குடு மச்சான். ஒருநாள்தான," என்றான்.

குருவம்மா முன்னால் நடந்து, பாதையின் குறுக்கே உட்கார்ந்தார்.

"எந்திரிம்மா," என்றான் சடையன். "ஊரே பாக்குது."

"பாக்கட்டும். தாண்டிப் போறதுன்னா போ."

தாயைத் தாண்டி எவன் போவான்? வெயில் ஏறும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. நான் கொடுத்தனுப்பிய தண்ணீரைக் குடித்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தார். நானும் போய் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று இப்போது எழுதுவது சுலபம். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். கடைசியில் மூவரும் திரும்பினார்கள். அந்தப் பருவத்தில் அந்த வீட்டுக்குத் தேன் இல்லை.

தை மாதம் அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான்காம் நாள் பார்க்கப் போனேன். ஆரஞ்சு கொண்டுபோயிருந்தேன். அதைத் தள்ளி வைத்தார்.

"தாள் கொண்டாந்தியளா?"

என் பையில் எப்போதும் இருக்கும்.

"இப்பச் சொல்லுதேன். சுருக்காதிய. எம்புட்டுப் பக்கம் ஆனாலும் ஆகட்டும்."

மூச்சு விட்டு விட்டுச் சொன்னார். நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த செட்டியார்பட்டிப் பெண், "பாட்டிக்குச் சொத்து நெறயவா? உயிலு நீண்டுக்கிட்டே போகுதே," என்று கேட்டார். "ஆமா," என்றார் குருவம்மா, "ஒரு மலை." இருமல் வந்து நிறுத்தினோம். மீண்டும் தொடங்கினோம். ஆறு பக்கம் வந்தது. முழுவதையும் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினார். பிறகுதான் கட்டைவிரலை நீட்டினார். குடியிருப்பின் கிராம சபை அதை ஏற்றுத் தீர்மானம் போட்டது. இரண்டையும் சேர்த்து அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு வந்தபோதுதான் சடையன் என்னை அழைத்தான்.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள் குடியிருப்புக்குப் போயிருந்தேன். சடையன் புதிதாகக் கயிற்றுக்குக் கொடி திரித்துக்கொண்டிருந்தான்.

"இந்தச் சித்திரைக்கு எறங்கப்போறேம்மா. தம்பி புடிப்பான்."

"ஒங்கம்மா என்ன சொன்னா?"

"அம்மா இருந்தாவ, வழில உக்காந்தாவ. இப்ப யாரு உக்காருவா? இந்த வருசமும் எறங்கலன்னா அட்டை ரத்து. பொறவு எம் மவனுக்கும் கெடையாது."

"நான் ஓடை வழியா வந்துருதேன்," என்றான் பொன்னன். "செக்போஸ்ட்டுக்குத் தெரியாது."

"புடிச்சா ஒன்னைய மட்டுமா புடிப்பான்? குடியிருப்பு மொத்தத்துக்கும் அனுமதி போகும்," என்றான் சடையன்.

உள்ளேயிருந்து சடையன் மனைவி செல்லி சொன்னாள்: "எங்கண்ணன் இல்லாம எறங்குனா, அன்னைக்கே நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருதேன்."

சடையனின் தம்பி மெதுவாகச் சொன்னான்: "என்னைய எல்லாரும் கொலகாரன் மாதிரிப் பாக்காதிய. எனக்கு என்ன ஆசையா? எங் கை நடுங்குமோன்னு எனக்கே பயமாத்தான் இருக்கு."

அந்த வீட்டில் அன்று நான் கேட்டவற்றில் இதுதான் என்னைத் தூங்கவிடாத வார்த்தை. நடுங்கலாம் என்று அஞ்சும் கையில், இறங்குகிறவனின் உயிரை ஒரு விதி கொண்டுபோய் வைக்கிறது. அந்த விதிக்கு ஆதாரமாக இருப்பது என் ஒற்றை வரி.

அதிகாரியைத் தொலைபேசியில் இரண்டு முறை அழைத்தேன். "பாத்துக்கலாம்மா" என்றார். நேரில் ஒருமுறை போனேன். "மேல அனுப்பியிருக்கோம்" என்றார். அவர் நல்ல மனதோடு சொன்னார் என்றே நம்புகிறேன். ஆனால் சாவடியில் காவலர் நல்ல மனதைப் பார்ப்பதில்லை, தாளைத்தான் பார்க்கிறார்.

குருவம்மாவின் பொருள் எதையும் நான் கேட்டு வாங்கவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். ஒருவருக்காக எழுதியதை அவருக்கே முழுவதும் படித்துக் காட்டி, அவர் முகம் தெளிகிறவரை பேனாவை மூடாமல் இருப்பது. எழுபது வயதுக்கு மேல் இதைக் கற்றுக்கொண்டேன். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கற்றேன் என்பதை என் உறவினர்களும் குறித்துக்கொள்ளட்டும். இந்தக் கட்டுரையையும் சடையன், செல்லி, பொன்னன், தம்பி ஆகிய நால்வருக்கும் படித்துக் காட்டிய பிறகே அனுப்புகிறேன்.

சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு: இப்போது மாசி. சித்திரைக்கு அதிக நாள் இல்லை. தேன்பாறையில் கயிறு பிடிப்பவர் யார் என்பதைக் குடியிருப்பின் கிராம சபையே முடிவு செய்யலாம் என்றும், அவர் பெயர் இறங்குபவரின் குடும்ப அட்டையில் இருக்க வேண்டியதில்லை என்றும் விதியில் சேர்ப்பீர்களா, மாட்டீர்களா? மாட்டீர்கள் என்றால் காரணம் என்ன? பதிலைச் சடையன் பெயருக்கு, குடியிருப்பின் முகவரிக்கு, பங்குனி முடிவதற்குள் எழுத்தில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். எனக்கு ஒரு நகல் போதும்.